‘நான் ரோபோ அல்ல’ பெட்டிக்கு ஒப்புதல் வாங்கினீர்களா? சிட்டிஸ்கூட் வழக்கும் ஸ்பேம் வடிப்பான்களும்

2023 மார்ச் 16ஆம் தேதி, பாரிஸில் மின்ஸ்கூட்டர் வாடகைக்கு விட்டுவந்த சிட்டிஸ்கூட் நிறுவனத்துக்குப் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு ஆணையமான சிஎன்ஐஎல் 1,25,000 யூரோ அபராதம் விதித்தது. அதிகம் பேசப்பட்டது, வாடகை ஸ்கூட்டரின் இருப்பிடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை பதிந்து வைத்த விஷயம்தான். இரண்டாவது குற்றச்சாட்டு, தரவைக் கையாளும் துணை நிறுவனங்களோடு போட்ட ஒப்பந்தங்களில் சட்டம் கேட்கும் விவரங்கள் முழுமையாக இல்லை என்பது. மூன்றாவதைத்தான் இணையதளம் நடத்துகிறவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும்: வந்திருப்பவர் மனிதரா, நிரலா என்று சோதிக்கும் கூகுளின் ரீகேப்சாவைப் பயனரிடம் சொல்லாமல், ஒப்புதலும் வாங்காமல் ஓடவிட்டார்கள்.

கணக்குத் தொடங்கும்போது, உள்நுழையும்போது, கடவுச்சொல்லை மறந்தபோது என்று ரீகேப்சா வழக்கமான இடங்களில்தான் இருந்தது. போட்கள் என்ற தானியங்கி நிரல்கள் போலிக் கணக்குகளைக் குவித்துவிடக் கூடாது, திருடிய கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கக் கூடாது என்பதற்காக எல்லோரும் வைப்பதுதான். நிறுவனத்தின் வாதமும் அதுவே: இது பாதுகாப்புக்காக, வேறெதற்கும் இல்லை. ஆணையம் ஏற்கவில்லை. ஏற்காததற்குச் சொன்ன காரணம், தொடர்புப் படிவம் ஒன்று மட்டுமே உள்ள சிறிய தளத்துக்கும் அப்படியே பொருந்தும்.

பெட்டிக்குள் நடப்பது

ரீகேப்சா 2007இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. பழைய நூல்களை மின்னாக்கம் செய்யும்போது கணினிக்குப் பிடிபடாத சொற்களை மனிதர்களைக் கொண்டு படிக்கவைத்தது. 2009இல் கூகுள் வாங்கியது. 2014 டிசம்பரில் ‘நான் ரோபோ அல்ல’ பெட்டி வந்தது. 2018 அக்டோபரில் வந்த மூன்றாம் பதிப்பில் பெட்டிகூடக் கிடையாது. பின்னணியில் ஓடி, வந்தவருக்கு 0.0 முதல் 1.0 வரை மதிப்பெண் போடும். 0.5ஐத் தொடக்க எல்லையாக வைக்கலாம் என்கிறது கூகுள். அதற்குக் கீழே வருவதைத் தளம் தடுத்துவிடலாம்.

கோணல்மாணலான எழுத்தைக் காட்டிய காலத்தில் சோதிக்கப்பட்டது மனிதரின் கண். இன்று சோதிக்கப்படுவது அவர் கையிலிருக்கும் கருவி. கருவியின் வன்பொருள், மென்பொருள் விவரங்களைத் திரட்டி ஆய்வுக்காகக் கூகுளுக்கு அனுப்புவதுதான் இந்தச் சேவையின் வேலைமுறை என்று ஆணையம் குறித்தது. போதாததற்கு, ஆறு மாத ஆயுளுள்ள ஒரு குக்கியும் (தளம் எழுதிவைக்கும் சிறு பதிவு) பிரவுசரில் உட்காரும். ஸ்கிரிப்ட் கூகுளின் சர்வரிலிருந்து இறங்குவதால், பயனர் படிவத்தில் ஓர் எழுத்துகூடத் தட்டுவதற்கு முன்பே அவருடைய ஐ.பி. முகவரி அங்கே போய்விடுகிறது. ஐ.பி. முகவரி தனிநபர் தரவாக முடியும் என்பதை ஐரோப்பிய நீதிமன்றம் 2016லேயே பிரேயர் வழக்கில் சொல்லிவிட்டது.

கேள்வி இரண்டு, சட்டமும் இரண்டு

தளம் நடத்துகிறவர்களும் அவர்களுடைய வழக்கறிஞர்களும் தடுக்கி விழுவது இங்கேதான். தனியுரிமை அறிவிப்பை எடுத்துப் பார்த்தால், ‘ஸ்பேமைத் தடுப்பது எங்கள் நியாயமான நலன், ஜிடிபிஆர் பிரிவு 6(1)(எஃப்)’ என்று ஒரு வரி இருக்கும். ஜிடிபிஆர் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம். வரியில் தவறில்லை. வலையமைப்பின் பாதுகாப்பு நியாயமான நலன்தான் என்று ஜிடிபிஆரின் 49ஆம் முகவுரைப் பத்தியே சொல்கிறது. ஆனால் அது, திரட்டிய தரவை எந்த அடிப்படையில் கையாள்கிறீர்கள் என்ற இரண்டாம் கேள்விக்கான பதில். பயனரின் கருவியைத் தொடலாமா என்ற முதல் கேள்வியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

முதல் கேள்வி வேறொரு சட்டத்திலிருந்து வருகிறது. 2002இல் வந்து 2009இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் மின்தொடர்புத் தனியுரிமை நெறியுரையின் பிரிவு 5(3) அது. பிரான்சில் தேசியச் சட்டத்தின் பிரிவு 82. பயனரின் கருவியில் எதையாவது எழுதினாலும், அங்கே இருப்பதை எடுத்தாலும் முன்கூட்டியே ஒப்புதல் வேண்டும் என்கிறது. எடுப்பது தனிநபர் தரவா இல்லையா என்ற பேச்சே இங்கே இல்லை. 2019 அக்டோபர் 1 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தந்த பிளானெட்49 தீர்ப்பு இதை ஐயமில்லாமல் உறுதிசெய்தது. விலக்கு இரண்டே. ஒன்று, தகவலைக் கடத்துவதற்கு மட்டுமே தேவைப்படுவது. மற்றொன்று, பயனர் தாமாகக் கேட்ட சேவையைத் தருவதற்கு இன்றியமையாதது. ‘நியாயமான நலன்’ என்ற மூன்றாவது வழி இந்தச் சட்டத்தில் கிடையாது.

சிட்டிஸ்கூட் நம்பியது இரண்டாம் விலக்கை. உள்நுழைய வந்தவர் பாதுகாப்பான உள்நுழைவைக் கேட்கிறார்தானே என்பது வாதம். ஆணையம் அதை அடியோடு மறுக்கவில்லை. உள்நுழைவைப் பாதுகாப்பது மட்டுமே நோக்கமாக இருந்தால் விலக்குக்கு இடமுண்டு. ஆனால் இந்தக் கருவியால் கூகுளும் தன் தரப்பில் ஆய்வு வேலைகளைச் செய்துகொண்டது. அதைக் கூகுளின் அப்போதைய விதிமுறைகளே சொல்லின. நோக்கம் ஒன்றுக்கு மேற்பட்டதும் ‘மட்டுமே’ அடிபட்டுப்போகிறது, விலக்கும் கூடவே போகிறது. அந்த இரண்டாம் நோக்கத்தால் தள உரிமையாளருக்குத் தம்படி லாபம் இல்லை என்பது கணக்கில் வராது.

ஆக, ஆணையத்துக்கு ஸ்பேம் தடுப்பின் மீது எந்தப் புகாரும் இல்லை. தடுப்பதற்காகத் திரட்டியது வேறொரு வேலைக்கும் போவதுதான் புகார். எந்தச் சேவையை எடைபோட்டாலும், அதன் விதிமுறைகளில் ‘எங்கள் சேவைகளை மேம்படுத்துவதற்காகவும்’ என்ற தொடர் இருக்கிறதா என்றுதான் முதலில் தேட வேண்டும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று. ஜிடிபிஆர் மீறலில், நிறுவனத்தின் தலைமையிடம் எந்த நாட்டிலோ அந்த நாட்டு ஆணையம்தான் முன்னின்று விசாரிக்கும். பிரிவு 5(3) மீறலுக்கு அந்த ஏற்பாடு இல்லை. எந்த நாட்டு ஆணையமும் தன் நாட்டுப் பயனர்களுக்காகத் தனியே நடவடிக்கை எடுக்கலாம். கூகுள் தொடர்ந்த வழக்கில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் 2022 ஜனவரி 28 அன்று இதை ஏற்றது. ‘எங்கள் ஐரோப்பிய அலுவலகம் அயர்லாந்தில்’ என்ற கேடயம் இங்கே தாங்காது.

இது ஒற்றை வழக்கா?

இல்லை. 2020 ஜூனில் பிரெஞ்சு அரசு வெளியிட்ட, கொரோனா தொற்றுத் தொடர்பறியும் ஸ்டாப்கோவிட் செயலியின் முதல் பதிப்பிலேயே ரீகேப்சா இருந்தது. ஜூலையில் ஆணையம் சுகாதார அமைச்சகத்துக்கு அறிவிக்கை அனுப்பியது. அதற்குள் வந்திருந்த அடுத்த பதிப்பில் ஆரஞ்ச் என்ற பிரெஞ்சுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கேப்சா இடம்பிடித்திருந்தது. மாற்றுவது ஆகிற காரியம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 2023 டிசம்பர் 29 அன்று, முன்பணக் கட்டண அட்டை விற்கும் என்எஸ் கார்ட்ஸ் பிரான்ஸ் நிறுவனத்துக்கு 1,05,000 யூரோ அபராதம். ஒப்புதல் இல்லாத ரீகேப்சா அதிலும் ஒரு குற்றச்சாட்டு. அதே ஆணையில், பெரும்பாலும் பிரெஞ்சு பேசும் பயனர்களுக்குத் தனியுரிமை அறிவிப்பை ஆங்கிலத்தில் வைத்திருந்ததும் குறையாகச் சொல்லப்பட்டது.

ஆஸ்திரியாவில் ஓர் அரசியல் கட்சியின் தளம் தொடர்பான வழக்கில், கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2024 செப்டம்பர் 13 அன்று இதே பக்கம் நின்றது. ரீகேப்சா குக்கி தளம் இயங்குவதற்கு இன்றியமையாதது இல்லை, ஒப்புதல் வேண்டும் என்றது.

ஒப்புதல் கேட்டால் தீருமா?

இந்த வழக்குகளைப் படித்ததும் பலர் செய்வது, ஒப்புதல் பட்டையில் ரீகேப்சாவுக்கு ஒரு வரி சேர்ப்பது. சட்டத்தின் எழுத்துக்கு அது சரி. நடைமுறையில் இரண்டு இடத்தில் உடைகிறது.

பயனர் ‘மறுக்கிறேன்’ என்றதும் படிவம் வேலை செய்யாவிட்டால், அந்த ஒப்புதல் தாமாகக் கொடுத்தது ஆகாது. வேலை செய்தால், மறுத்தவர் வரும் வழிக்கு வேறு வடிப்பான் வேண்டும். போட் எழுதுகிறவனுக்கு இது தெரியாதா? மறுப்பு வழியாகவே வருவான். மறுத்தவர்களுக்கென்று வைக்கும் அந்த இரண்டாம் வடிப்பான் அவனைத் தாங்கும் அளவுக்கு வலுவாக இருக்க வேண்டும். அவ்வளவு வலுவான ஒன்று கையில் இருந்தால், முதலாவது எதற்கு? ஒப்புதலைச் சார்ந்த ஸ்பேம் தடுப்பு பூட்டின் மேலேயே சாவியைத் தொங்கவிடுவது மாதிரி.

தளத்தைச் சோதிக்கும் முறை

பிரவுசரில் தனிமறைவுச் சாளரம் திறந்து, டெவலப்பர் கருவியில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், பதிவுகளை அழிக்காமல் வைக்கும் தேர்வை இயக்குங்கள். படிவம் உள்ள பக்கத்தைத் திறங்கள். ஒப்புதல் பட்டையைத் தொடாதீர்கள், எதையும் தட்டாதீர்கள். ஒரு நிமிடம் விட்டு, எந்தெந்த வெளித் தளங்களுக்குக் கோரிக்கை போயிருக்கிறது என்று பட்டியலெடுங்கள். குக்கியையும் உள்ளகச் சேமிப்பையும் தனியே பாருங்கள். பிறகு ‘மறுக்கிறேன்’ அழுத்தி, பக்கத்தை மீண்டும் ஏற்றி, படிவத்தை நிரப்பி அனுப்புங்கள்.

வெளித் தளக் கோரிக்கை எதுவும் போகாமலே படிவம் வெற்றிகரமாகப் போய்விட்டால் மகிழ வேண்டாம். வேறு வடிப்பான் எதுவும் வைக்கவில்லை என்றால், உங்கள் சர்வர் கேப்சா டோக்கனை (சோதனையில் தேறியதற்கான குறியீடு) சரிபார்க்கவே இல்லை என்று பொருள். அந்தப் பெட்டி இத்தனை நாள் வெறும் அலங்காரமாக இருந்திருக்கிறது.

அடிக்கடி அகப்படும் ஓட்டைகள் சில. படிவம் ஒரே பக்கத்தில் இருந்தாலும் பிளக்-இன் ஸ்கிரிப்டை எல்லாப் பக்கங்களிலும் ஏற்றும். மூன்றாம் பதிப்பை அப்படித்தான் பயன்படுத்தச் சொல்வார்கள், பயனர் நடந்துகொள்வதைப் பார்த்தால்தான் மதிப்பெண் துல்லியமாக வரும் என்று. ஒப்புதல் கருவியில் ரீகேப்சா ‘அவசியமானவை’ பிரிவில் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும். அதை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்கிரிப்டைத் தடுத்திருப்பார்கள், ஆனால் பக்கத்தின் தலைப்பகுதியில் முன்னிணைப்புக் கட்டளை ஒன்று மிச்சமிருக்கும். அது கூகுள் சர்வரோடு இணைப்பைத் திறந்துவிடுகிறது. இணைப்பு திறந்தாலே ஐ.பி. முகவரி போயிற்று. ஐ.பி. முகவரி மட்டும் போனாலும் அது சின்ன விஷயமில்லை: கூகுள் எழுத்துருவை நேரே ஏற்றிய தள உரிமையாளர் பயனருக்கு 100 யூரோ இழப்பீடு தர வேண்டும் என்று மூனிக் மாவட்ட நீதிமன்றம் 2022 ஜனவரி 20 அன்று சொன்னது.

சொந்த சர்வரிலேயே முடிப்பது

மாதம் சில ஆயிரம் செய்திகள் வரும் படிவத்துக்கு வெளிச் சேவை எதுவும் தேவைப்படாது. பொறிப்புலம், நேரச் சோதனை, வேக வரம்பு, கணக்குப் புதிர் ஆகிய நான்கையும் அடுக்கினால் பெரும்பாலான ஸ்பேம் நின்றுவிடும். ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணி உண்டு.

பொறிப்புலம் என்பது மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு புலம். போட் நிரப்பிவிடும், நிரம்பியிருந்தால் ஸ்பேம். புலத்தை முழுக்க மறைக்கும் கட்டளையைச் சில போட்கள் படித்துவிடும் என்பதால், திரைக்கு வெளியே தள்ளி வைப்பது வழக்கம். அப்படித் தள்ளினால் திரைவாசிப்பானுக்கும் டேப் விசைக்கும் அது அகப்படாதபடி தனியே குறிக்க வேண்டும். இல்லையென்றால் பார்வையற்ற பயனர் நிரப்பிவிட்டு ஸ்பேமாகி நிற்பார். புலத்துக்கு ‘தொலைபேசி’, ‘முகவரி’ போன்ற பெயர் வைத்தால் பிரவுசரின் தானியங்கி நிரப்பலே அதை நிரப்பிவிடும். உண்மையான வாடிக்கையாளரின் கடிதம் சத்தமில்லாமல் காணாமல் போகும். பொருளில்லாத பெயராக வையுங்கள்.

நேரச் சோதனையில், பக்கம் திறந்த நேரத்தைச் சர்வர் கையொப்பமிட்டுப் படிவத்தில் ஒளித்துவைக்கும். 3 விநாடிக்குள் திரும்பி வந்தால் போட். பக்கம் முழுவதும் கேஷில் (முன்பே உருவாக்கிச் சேமித்த நகலில்) இருக்கும் தளங்களில் இது கவிழும்: காலையில் உருவான நேரமுத்திரையே நாள் முழுக்க எல்லோருக்கும் போகும். பயனர் முதல் புலத்தைத் தொடும்போது முத்திரையைத் தனியே வாங்கும்படி வைத்தால் சரியாகிவிடும். முத்திரை காலாவதியானால் செய்தியை நிராகரிக்காதீர்கள். புதியதைக் கொடுத்து மீண்டும் அனுப்பச் செய்யுங்கள். நீண்ட புகாரை ஒருமணி நேரம் எழுதுகிறவர்கள் உண்டு.

வேக வரம்பு என்பது ஒரே முகவரியிலிருந்து மணிக்கு இத்தனை முறைதான் அனுப்பலாம் என்ற கட்டுப்பாடு. அதற்கு ஐ.பி. முகவரியைக் கொஞ்ச நேரமாவது நினைவில் வைத்தாக வேண்டும். ‘ஹேஷ் செய்து (நேரே திருப்ப முடியாத குறியீடாக மாற்றி) வைத்திருக்கிறோம், அதனால் அநாமதேயம்’ என்று பலர் எழுதுவார்கள். ஐபிவி4 என்ற பழைய வகை ஐ.பி. முகவரிகள் மொத்தமே 429 கோடி. ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை அத்தனைக்கும் ஹேஷ் போட்டு, எது யாருடையது என்று சில விநாடிகளில் கண்டுபிடித்துவிடும். இரகசியச் சாவி சேர்த்த ஹேஷ் வேண்டும். அந்தச் சாவியை 24 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றி, பழையதை அழிக்க வேண்டும். அதன் பிறகுதான் நேற்றைய பதிவிலிருந்து முகவரியைத் திரும்ப எடுக்க முடியாமல் போகும். ஐபிவி6 என்ற புதிய வகையில் முதல் 64 பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மீதி அடிக்கடி மாறும். வரம்பை இறுக்கிவிடவும் வேண்டாம். கைபேசி இணைப்புகளில் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கானவர்கள் இருக்கக் கூடும். மணிக்கு 3 என்று வைத்தால் ஸ்பேமரைவிட அவர்கள்தான் அதிகம் அடிபடுவார்கள்.

கணக்குப் புதிர் முறையில் சர்வர் ஒரு சீரற்ற எழுத்துத்தொடரையும், அதோடு ஓர் இரகசிய எண்ணைச் சேர்த்துப் போட்ட ஹேஷையும் அனுப்பும். பிரவுசர் 0, 1, 2 என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். உச்ச எண் 1,00,000 என்றால் சராசரியாக 50,000 முயற்சி. புதிய மடிக்கணினிக்கு அது ஒன்றுமில்லை. பழைய கைபேசி மூச்சு வாங்கும், ஆகவே உச்சத்தை உயர்த்துமுன் ஒரு பழைய கருவியில் ஓட்டிப் பாருங்கள். ஆல்ட்சா என்ற திறமூலக் கருவி இந்த வழியில் இயங்குவது. சொந்த சர்வரிலேயே வைக்கலாம். தீர்த்த புதிரைச் சர்வர் குறித்துவைக்காவிட்டால், ஒருமுறை தீர்த்த விடையை வைத்தே போட் ஆயிரம் முறை அனுப்பும்.

இதுவும் பயனரின் கருவியில்தானே ஓடுகிறது, பிரிவு 5(3) இங்கே வராதா என்று கேட்கலாம். வரும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு வாரியம் 2024 அக்டோபரில் இறுதி செய்த வழிகாட்டுதல் அந்தப் பிரிவின் வீச்சை மிகவும் விரித்தே படிக்கிறது. சில சூழல்களில் ஐ.பி. முகவரியைப் பின்தொடர்வதைக்கூட அதற்குள் கொண்டுவருகிறது. வித்தியாசம் விலக்கில் இருக்கிறது. கருவியைப் பற்றி எதையும் எடுக்கவில்லை, வெளியே எதுவும் போகவில்லை, இரண்டாம் நோக்கம் இல்லை. சிட்டிஸ்கூட் தோற்ற இடத்தில் இது நிற்க வாய்ப்பு அதிகம்.

எழுதியதைப் படிக்கும் வடிப்பான்கள்

அகிஸ்மெட் போன்ற சேவைகள் வேறு வகை. பயனர் அனுப்பு பொத்தானை அழுத்திய பிறகு, உங்கள் சர்வரிலிருந்து செய்தி அவர்கள் சர்வருக்குப் போய், ஸ்பேமா இல்லையா என்று பதில் வருகிறது. அடிப்படையில் பயனரின் கருவியைத் தொட வேண்டியதில்லை. கருவியில் ஓடும் கூடுதல் அம்சம் எதையும் சேர்க்கவில்லை என்றால் முதல் கேள்வி பெரும்பாலும் விலகும். ஜிடிபிஆர் முழு எடையோடு வரும், ஏனென்றால் இங்கே போவது ஒருவர் எழுதியதே.

அகிஸ்மெட்டுக்குக் கட்டாயமாகத் தர வேண்டியது அணுகல் சாவி, தள முகவரி, பயனரின் ஐ.பி. முகவரி. பெயர், மின்னஞ்சல், எழுதிய உரை, பிரவுசர் விவரம், எங்கிருந்து வந்தார் என்பதெல்லாம் விருப்பத்துக்குரியவை. குறைத்தால் துல்லியமும் குறையும். கவனிக்க வேண்டியது வேர்ட்பிரஸ் பிளக்-இன்னை. அது பெயரையும் உரையையும் மட்டும் எடுத்து அனுப்புவதில்லை. படிவத்தில் வந்த மற்ற புலங்களையும், குக்கி நீங்கலாகச் சர்வரின் கோரிக்கை விவரங்களில் பலவற்றையும் சேர்த்தே அனுப்புகிறது. மறுமொழிப் படிவத்தில் நீங்களாக ஒரு கைபேசி எண் புலத்தைச் சேர்த்திருந்தால், அந்த எண்ணும் பயணமாகும். உங்கள் அறிவிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. ஆகவே ஆவணத்தை நம்பாமல், வெளியே போகும் கோரிக்கையை ஒருமுறை சர்வரில் பிடித்து வரி வரியாகப் பாருங்கள்.

மருத்துவச் சந்திப்புப் படிவம், தொழிற்சங்கப் படிவம், புகார்ப் படிவம் மாதிரியானவற்றில் உரையை வெளிச் சேவைக்கு அனுப்புவது தவறான தேர்வு. உடல்நலம், சங்க உறுப்பு, நம்பிக்கை பற்றிய தரவுக்கு ஜிடிபிஆர் பிரிவு 9 தனிப் பூட்டுப் போட்டிருக்கிறது. நியாயமான நலன் அதைத் திறக்காது. அங்கே ஸ்பாம்அசாசின் என்ற திறமூல வடிப்பானைச் சொந்த சர்வரில் ஓட்டலாம். இயல்பு எல்லை 5.0 மதிப்பெண். அதில் உள்ள, சொற்களின் நிகழ்தகவைக் கற்றுக்கொள்ளும் பேய்ஸ் வடிப்பான் 200 ஸ்பேமும் 200 நல்ல செய்தியும் படித்த பிறகே கண் திறக்கும், அதுவரை பொறுமை வேண்டும். ஸ்பேம் அனுப்பும் முகவரிகளின் தடைப்பட்டியலோடு ஒப்பிடும் சோதனையை இயக்கினால், ஐ.பி. முகவரி தலைகீழாகத் திருப்பப்பட்டு பட்டியல் வைத்திருப்பவருக்கு டிஎன்எஸ் (இணையப் பெயர்த் தேடல்) கேள்வியாகப் போகிறது என்பதையும் உங்கள் தரவுக் கையாளல் பதிவேட்டில் எழுதுங்கள். அந்த ஒரு வரி இருக்கும் பதிவேடு அபூர்வம்.

வடிப்பான் வழங்குநரோடு போடும் ஒப்பந்தம் ஜிடிபிஆர் பிரிவு 28படி இருக்க வேண்டும்; சிட்டிஸ்கூட்டின் இரண்டாம் குற்றச்சாட்டு இதுதான். வழங்குநர் உங்கள் அறிவுறுத்தலின்படி மட்டுமே செயல்படுவார் என்ற வாசகத்தையும், துணை வழங்குநர் பட்டியலையும், ஒப்பந்தம் முடிந்ததும் அழிப்பது பற்றிய வரியையும் முதலில் பாருங்கள். பிறகு பயிற்சி. ஒரு தளத்தில் வந்த ஸ்பேமைக் கற்று இன்னொரு தளத்தில் தடுப்பதுதான் இந்தச் சேவைகளின் பலமே. அப்படிக் கற்பது உங்கள் சார்பில் செய்வதா, வழங்குநரின் சொந்த வேலையா? இரண்டுங்கெட்டான் நிலை. உரையை முழுதாக வைத்துக் கற்கிறார்களா, கற்றதும் அழிக்கிறார்களா, எத்தனை நாள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். அமெரிக்க நிறுவனம் என்றால், 2023 ஜூலை 10 முதல் நடப்பில் இருக்கும் ஐரோப்பிய-அமெரிக்க தரவுத் தனியுரிமைச் சட்டகத்தின் பட்டியலில் அதன் பெயர் இன்றைய தேதியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால், தரவை அங்கே அனுப்ப 2021இன் நிலையான ஒப்பந்த விதிகளும், அவற்றோடு ஒரு மதிப்பீடும் வேண்டும்.

அறிவிப்பு படிவத்துக்குக் கீழேயே, பயனரின் மொழியில் இருக்கட்டும். ‘நீங்கள் எழுதுவதும் உங்கள் மின்னஞ்சலும் ஐ.பி. முகவரியும், ஸ்பேமைப் பிரிப்பதற்காக மட்டும், எங்கள் சார்பில் இயங்கும் இன்ன நிறுவனத்துக்கு அனுப்பப்படும். ஸ்பேம் என்று ஒதுக்கியதை 15 நாளில் அழித்துவிடுவோம். உங்கள் செய்திக்கு இரண்டு நாளில் பதில் வராவிட்டால் இந்த எண்ணில் கூப்பிடுங்கள்.’ கடைசி வரி சட்டம் கேட்காதது. ஆனாலும் அதை எடுத்துவிடாதீர்கள். தவறாக ஒதுக்கப்பட்டவருக்கு அந்த ஒரு வழிதான் இருக்கும்.

ஸ்பேம் பெட்டியும் தரவுதான்

தன்னைப் பற்றிய தரவு என்னென்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டால், ஸ்பேம் பெட்டியையும் தேடிக் கொடுக்க வேண்டும். அகிஸ்மெட் பிளக்-இன் ஸ்பேமை 15 நாளில் தானாக அழிக்கும். அனுமதிக்கப்பட்ட மறுமொழியோடு சேர்த்து வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் உட்காரும் ஐ.பி. முகவரியை யாரும் அழிப்பதில்லை. பத்து வருடம் ஆனாலும் அப்படியே இருக்கும். 2018 மேயில் வந்த 4.9.6 பதிப்பு முதல் ஐபிவி4 முகவரியின் கடைசிப் பகுதியைப் பூஜ்யமாக்கும் செயற்கூறு வேர்ட்பிரஸிலேயே உண்டு. அதை 30 நாளுக்கு மேற்பட்ட மறுமொழிகள் மீது தினம் ஓடும் ஒரு சிறு நிரலாகப் போட்டுவிடுங்கள். காப்புப்படிகளை மறக்க வேண்டாம்.

சென்னையிலோ கோவையிலோ இருந்துகொண்டு ஐரோப்பிய வாடிக்கையாளருக்குத் தளம் நடத்துகிறவர்களுக்கு இங்கே ஒரு முரண் காத்திருக்கிறது. ஐரோப்பா சீக்கிரம் அழி என்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாள் வைத்திரு என்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டு எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் வந்த விதிகள் ஓராண்டு என்கின்றன. அவற்றின் பெரும்பகுதி 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகிறது. சர்வர் பதிவையும் வடிப்பான் பதிவையும் ஒரே கோப்பில் எழுதுகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். சர்வரின் அணுகல் பதிவைச் சட்டக் கடமைக்கான பதிவாகத் தனியே, குறைந்த பேருக்கு மட்டும் அணுகல் கொடுத்து வையுங்கள். ஸ்பேம் மதிப்பெண், செய்தி உரை, மின்னஞ்சல் இவற்றை அதில் எழுதாதீர்கள். அவை 15 நாளில் போகட்டும். இந்தியச் சட்டத்தில் ‘நியாயமான நலன்’ என்ற அடிப்படையே கிடையாது என்பதால், ஐரோப்பிய அறிவிப்பை அப்படியே நகலெடுத்து ஒட்டினாலும் செல்லாது.

ஐரோப்பாவில் சட்டம் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2025 நவம்பர் 19 அன்று ஐரோப்பிய ஆணைக்குழு முன்வைத்த எண்ணிமத் தொகுப்பு முன்மொழிவு, பயனர் கேட்ட சேவையின் பாதுகாப்புக்காகக் கருவியைத் தொடுவதற்கு ஒப்புதல் வேண்டாம் என்று ஒரு விலக்கைச் சேர்க்கப் பார்க்கிறது. அப்படியே சட்டமானாலும் விலக்கு பாதுகாப்புக்கு மட்டும்தான். வழங்குநரின் சொந்த ஆய்வுக்கு அதில் இடமில்லை.